ஒரு குடும்பம் மட்டும் இருக்கும் வீடு

சிவானந்தன் குளியலறையில் விழுந்தபோது உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் பதில் வரவில்லை. பாலாம்பிகையின் கணவன் பத்மநாதன் தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். தூக்கிக்கொண்டுபோய் வாசலில் குளிர்காற்றில் கிடத்திய பிறகுதான் சிவானந்தனுக்கு மூச்சு சீரானது.

"சாப்பிடாமல் வேலைக்குப் போனா மயக்கம் வரும்தானே," என்றார் வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா, மறுநாள் வந்தபோது.

பாலாம்பிகை அதை நம்பவில்லை. அந்த அறையில் மகளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவளுக்கும் தலை வலித்து இடித்தது. துவாயில் சுற்றி எடுக்கும்போதே பிள்ளை தூங்கி வழிந்தது. சுவரில் இருந்த, வெந்நீர் போடும் பழைய காஸ் கீசர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தது. ஜன்னல், மேலே மேலே பெயின்ற் அடித்ததில் ஒட்டிப்போய்த் திறக்க முடியாமல் இருந்தது.

1988ஆம் ஆண்டு, குளிர் தொடங்கிய நேரம். தோர்ண்டன் ஹீத் என்ற ஆங்கிலேயப் புறநகரில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டின் முன்னறையில் பாலாம்பிகையும் கணவனும் மகளும் இருந்தார்கள். மற்ற அறைகளிலும் கூரைக்கடியில் இருந்த அறையிலும் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள். ஒருவன் ஷிப்ட் முடிந்து வர, அவன் படுக்கும் மெத்தையிலிருந்து இன்னொருவன் எழுந்து வேலைக்குப் போவான். அவர்களுக்குள் மூத்தவன் சிவானந்தன்.

வேறு வீடு தேடாமல் இல்லை. கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த விளம்பர அட்டைகளைப் பார்த்து பாலாம்பிகை போன் எடுத்தாள். பிள்ளை இருக்கிறது என்றதும் சிலர் போனை வைத்தார்கள். வைக்காதவர்கள் கேட்ட வாடகைக்கு, பெற்றோல் நிலையத்தில் பத்மநாதன் வாங்கும் சம்பளம் முழுவதும் போய்விடும். முற்பணம் வேறு. ஸ்ரீஸ்கந்தராஜா முற்பணம் கேட்காமல் சாவியைக் கையில் கொடுத்த மனிதர்.

இப்போது அவர் அவர்களுடைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"வியாழக்கிழமை கவுன்சிலில இருந்து வீட்டைச் சோதிக்க ஒருத்தி வாறாள். கன சனம் இருக்குதெண்டு பக்கத்து வீட்டுக்காரன் அறிவிச்சிருக்கிறான். பெடியளை அண்டைக்கு வெளியில போகச் சொல்லியிருக்கிறன். மெத்தையள் பின்னால ஷெட்டுக்குள்ள போயிடும். நீங்கள் என்ர சொந்தக்காரர். வீட்டில இருக்கிறது ஒரு குடும்பம் மட்டும். நான் சொன்னா நம்பமாட்டினம். நீர் நல்லா இங்கிலீஷ் கதைப்பீர், நீரே சொல்லும் பிள்ளை."

"கீசரை என்ன செய்யிறது அண்ணை? குழந்தை இருக்கிற வீடு."

"மாத்தலாம். பிறகு வாடகையைக் கூட்டத்தான் வேணும். வீட்டுக் கடன் வட்டி ஏறுற ஏத்தத்துக்கு நானே இரண்டு வேலை செய்யிறன். உள்ளதைச் சொன்னா வீட்டை மூடுவினம். நீங்கள் எங்கை போவியள்? பெடியள் எங்கை போவினம்? அதை யோசியும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னார். அவர் போனபின், பாலாம்பிகை கணவனைப் பார்த்தாள்.

"அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு," என்றான் பத்மநாதன்.

"நேற்று நீங்கள் கதவை உடைக்கக் கொஞ்சம் பிந்தியிருந்தா?"



வியாழக்கிழமை காலை மழை பெய்தது. பெடியன்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறி வெவ்வேறு திசையில் நடந்தார்கள். சிவானந்தனுக்குக் காய்ச்சல். மழையில் போக முடியாமல், கூரை அறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போர்வையோடு பதுங்கிக்கொண்டான். அது பாலாம்பிகைக்கு மட்டும் தெரியும்.

வந்த பெண் நடுவயதுக்காரி, நனைந்த மழைக்கோட்டு, கையில் டோர்ச். அவள் அவசரப்படவில்லை. சமையலறையில் அடுக்கியிருந்த கோப்பைகளைப் பார்த்தாள். நடையில் ஓரமாகக் கிடந்த ஆண்களின் சப்பாத்துகளைப் பார்த்தாள். ஸ்ரீஸ்கந்தராஜாவும் பத்மநாதனும் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?"

"நாங்கள்தான். என் கணவர், மகள், நான்," என்றாள் பாலாம்பிகை ஆங்கிலத்தில்.

குளியலறைக்கு வந்தார்கள். அந்தப் பெண் குழாயைத் திறந்தாள். கீசர் 'பக்' என்று பற்றியது. மஞ்சள் தீ கண்ணாடிக்குள் ஆடியது. மேலே சுவரெல்லாம் கரி. அவள் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"இதில் ஏதாவது பிரச்சினை வந்ததா?"

"ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"நான் இந்த அம்மாவைக் கேட்கிறேன்."

பாலாம்பிகைக்கு இரண்டு பக்கமும் அடைத்தது போல இருந்தது. உள்ளதைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் இன்று மாலை பிள்ளையை இங்கேதான் குளிப்பாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி சட்டென்று தெரிந்தது.

"என் கணவர் இங்கே மயங்கி விழுந்தார்," என்றாள். "கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தோம்."

ஸ்ரீஸ்கந்தராஜா அவளை வெறித்துப் பார்த்தார். பத்மநாதன் ஒரு கணம் திகைத்து, பிறகு தலையாட்டினான். பெடியன்களைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீசர் மட்டும் போகும். பாலாம்பிகை மூச்சை விட்டாள்.

அந்தப் பெண் கீசரை அணைத்தாள். டோர்ச்சை மேலே அடித்து, கீசரிலிருந்து கூரைக்குள் போகும் புகைக்குழாயைப் பார்த்தாள்.

"இது எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். மேலே போகும் வழி எது?"

"மேலே ஒன்றும் இல்லை, வெறும் சாமான்கள்," என்றாள் பாலாம்பிகை. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அதற்குள் அந்தப் பெண் படியில் ஏறிவிட்டாள்.

மேலேயிருந்து இருமல் கேட்டது. ஒரு தடவை. பிறகு அடக்க முடியாமல் தொடர்ந்து.

மத்தியானத்துக்குள் காஸ்காரன் வந்து கீசரைத் துண்டித்தான். புகைக்குழாய் கூரை அறைக்குள்ளேயே உடைந்திருந்தது. நச்சுப் புகை முழுவதும் பெடியன்கள் படுக்கும் இடத்தில்தான் இறங்கியது. "குளிரென்று இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்திருக்கிறார்கள்," என்றான் அவன் அந்தப் பெண்ணிடம். "இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் யாரையாவது பிணமாகத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பீர்கள்."

மழை விட்டதும் பெடியன்கள் திரும்பி வந்து வாசலில் கூடினார்கள். அந்தப் பெண் பேச, பாலாம்பிகைதான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. வீடு மூடப்படுகிறது. குழந்தை இருப்பதால் அவள் குடும்பத்துக்குக் கவுன்சில் தங்க இடம் கொடுக்கும்.

"எங்களுக்கு?" என்றான் சிவானந்தன். போர்வையை இன்னும் விடவில்லை.

அவள் கேட்டாள். பதில் சிறியதாக இருந்தது. அதைத் தமிழில் சொல்ல நேரம் எடுத்தது.

"தனி ஆக்களுக்கு அவையால ஒண்டும் செய்ய ஏலாதாம்."

"அப்ப நீங்கள் வாயைத் திறந்து எங்களை றோட்டில விட்டிட்டியள், அக்கா."

"நான் உங்களைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை, தம்பி."

"சொல்லாட்டிலும் நடந்தது அதுதானே."

ஸ்ரீஸ்கந்தராஜா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக் கோபப்படவும் பாலாம்பிகைக்கு அப்போது மனம் வரவில்லை.

கவுன்சில் கொடுத்தது ஒரு பழைய ஹோட்டலில் ஓர் அறை. அங்கே சமைக்க முடியாது. அடுத்த கோடையில்தான் ஒரு ஃபிளாட் கிடைத்தது. பெடியன்கள் சிதறிப்போனார்கள். சிவானந்தன் ஒரு கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு இடையில் படுத்ததாகப் பத்மநாதன் கேள்விப்பட்டான்.

ஃபிளாட்டுக்குப் போன பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பாலாம்பிகை அவனைக் கண்டாள். மெலிந்திருந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் அருகில் வந்தான்.

"இப்ப மிச்சம் எண்ட ஊர்ப் பக்கத்தில நாங்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு அறை எடுத்திருக்கிறம். வாடகை அறாவிலை. ஆனா ஜன்னல் திறக்கும்."

"அண்டைக்கு நான்..."

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா நான் இப்ப நிண்டு கதைக்கமாட்டன். அது எனக்கு விளங்குது," என்றான். "எண்டாலும் அந்தக் கடைக்குள்ள கிடந்த நாளெல்லாம் உங்களைத் திட்டினனான். இன்னும் முழுசா ஆறேல்லை அக்கா. பொய் சொல்ல விருப்பமில்லை."

"சரி," என்றாள் பாலாம்பிகை. "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறீரே? மற்றப் பெடியளையும் கூட்டிக்கொண்டு."

அவன் யோசித்தான். பஸ் வந்து நின்றது.

"வேலை இல்லாட்டி வாறன்," என்று ஏறிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெரிய சட்டியில் சோறு வைத்தாள். சிவானந்தன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.