யாரும் சாகவில்லை

தொலைபேசியில் ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தபோது ஹருயோ மேசைக்குப் பின்னால் இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு வலது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவர் விடிந்ததிலிருந்து இடுப்பொடிய வாசல் பனியை வாரி ஒதுக்கிவிட்டு, ஒரு வாய் தேநீர் குடிக்க உள்ளே போனாராம். திரும்பி வருவதற்குள் இவர்கள் வண்டி வந்து தெருப் பனியையெல்லாம் அவர் வாசலில் மேடாகக் குவித்துவிட்டுப் போய்விட்டதாம். நீங்களெல்லாம் மனுஷங்கதானா என்று கேட்டார். "ரொம்ப மன்னிச்சுக்கங்க. உங்க புகாரைக் குறிச்சுக்கிட்டோம். வரிசைப்படி வருவோம்," என்று சொல்லிவிட்டு ஹருயோ காலை மாற்றிக்கொண்டாள். இந்த வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

ஹொக்கைடோவில் ஆற்றோரம் உள்ள அந்தச் சிற்றூரின் தெருக்களில் பனி வாருவதை அவளுடைய கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. டிசம்பர் தொடங்கி மார்ச் பாதிவரை புகார் தொலைபேசியில் இருப்பது அவளும் மிசுஹோ என்கிற இளம் பெண்ணும்தான். பனி பெய்தால் ஊரே வாய்விட்டுத் திட்டும், அந்தத் திட்டெல்லாம் ஒரு கம்பி வழியாக ஹருயோவின் காதில் வந்து விழும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரிலேயே பனி பெய்யாதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஜீவன் அவள்தான். நாற்பத்தொன்பது வயதாகிறது. கோடையில் வேலை முடிந்ததும் சக்கரம் வைத்த ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவாள். நாய்கள் துரத்தும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, பாவம், என்ன கஷ்டமோ என்பதுபோலப் பார்ப்பார்கள். எல்லாம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பக்கத்து நகரத்தில் நடக்கும் நெடுந்தூர ஸ்கீ போட்டிக்காக. அதில் அவள் ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறாள், அதுவும் கடைசியாக வந்தாள்.

ஏனென்றால் பனிக்காலத்தில் அந்தக் கம்பெனியில் யாரும் லீவு எடுப்பதில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தில் சாவு விழுந்தாலோ, நினைவு நாள் வந்தாலோ போகலாம். அதனால் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஹருயோ தன் மாமாவைக் கொன்றாள். ஹகோதாதேவில் குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனிதருக்கு மூன்றாம் வருட நினைவு நாள் என்று சொல்லி லீவு வாங்கினாள். கிளம்பும்போது மேலாளர் ஷிமாகுரா ஆபீஸ் சார்பாக ஒரு பெட்டி ஊதுவத்தியை இரண்டு கையாலும் நீட்டி, மாமா படத்துக்கு முன்னால் ஏற்றச் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

போட்டி நாளன்று பாதிநேரம் பனிப்புயல், மீதிநேரம் கொளுத்தும் வெயில். அடுத்த நாள் ஆபீசுக்கு வந்தபோது முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று. பவுடரை எவ்வளவு அப்பினாலும் மறையவில்லை. நினைவு நாளில் யாருக்கும் இப்படி முகம் கறுக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆபீசில் ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "நல்லபடியா முடிஞ்சுதா?" என்று மிசுஹோ தரையைப் பார்த்துக் கேட்டாள். வண்டி ஓட்டும் ஓபாதா தலையை ஆட்டிவிட்டுப் போனார். யாராவது கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை. தோல் உரிந்து முகம் பழைய நிறத்துக்கு வரும்வரை ஹருயோ கழிப்பறையில் ஒளிந்து சோறு தின்றாள். அடுத்த வருடம் லீவு கேட்கும் தைரியம் வரவில்லை.

ஆனால் அந்தப் புயலில்தான் அவளுக்கு ரைலியும் குல்னாரும் கிடைத்தார்கள். ரைலி வடக்கு ஃபின்லாந்தில் பஸ் ஓட்டுகிறவள், அறுபதைத் தாண்டியவள். குல்னார் அல்மாட்டியில் வேதியியல் டீச்சர். மூன்று பேரும் கடைசியாக வந்து சேர்ந்ததில் வழியில் கொடுத்த சிவப்புப் பயற்றுப் பாயசம் தீர்ந்துபோயிருந்தது. சட்டியைச் சுரண்டிக் கொடுத்த அரைக் கிண்ணத்தை ஒரே கரண்டியால் மூவரும் முறைவைத்துத் தின்றார்கள். மூவருக்கும் சேர்த்து நூறு ஆங்கில வார்த்தை தேறினால் அதிகம், அதை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுகிறார்கள்.

போன வருடம் அவர்கள் இருவரும் கடல் தாண்டி, மலை தாண்டி வந்து சேர்ந்தபோது ஹருயோ ஆபீஸ் சீருடையில் ஓடிப்போய் ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் மட்டும் கூடவே சாப்பிட்டாள். நீ ஏன் ஓடவில்லை என்று கேட்டதற்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டாள். லீவு கேட்கப் பயமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த முட்டி வலி அவளை ஒரு வருடம் படுத்தியது. அல்மாட்டியிலிருந்து நாற்றம் குடலைப் பிடுங்கும் ஒரு கொழுப்புத் தைலம் தபாலில் வந்தது. ரைலியோ வாரத்துக்கு ஒரு பயிற்சி வீடியோ அனுப்பினாள். ஒற்றைக் காலில் நிற்பது அதில் ஒன்று. வலிக்காத முட்டிக்காக ஹருயோ ஒரு வருடமாக நிற்கிறாள்.

ஜனவரியில் ஒருநாள் மேலாளர் ஷிமாகுரா அவள் மேசைப் பக்கம் வந்து, சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி குரலைத் தணித்தார்.

"ஏம்மா, மார்ச்ல அந்தப் போட்டி வருதில்ல? உங்களுக்கு அத்தை, சித்தி யாராச்சும்... நினைவு நாள் கினைவு நாள் இருந்தா சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஹருயோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நகர்ந்த பிறகுதான் உறைத்தது, இந்த மனிதருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஊதுவத்தியை நீட்டியிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாகவே சொன்னாள், லீவு கிடைத்த மாதிரிதான், இந்த முறை அத்தை என்று.

"அத்தை செத்துட்டாங்களா?" என்றாள் ரைலி.

"இல்ல."

"சீக்கா?"

"எனக்கு அத்தையே இல்ல."

குல்னார் கெட்டிக்காரி. விழுந்து விழுந்து சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏண்டி, அப்ப அந்த முட்டி?"

ஹருயோ உண்மையைச் சொன்னாள். ரைலி சிரிக்கவில்லை. அவளுக்கு இடுப்பெலும்பு தேய்ந்து மே மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது, இதற்கு மேல் நீண்ட தூரம் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அந்த இடுப்பை வைத்துக்கொண்டுதான் அவள் வாராவாரம் ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்திருக்கிறாள்.

"என் கடைசிப் போட்டி. பொய் சொல்லிட்டு வர்றவளோட நான் ஓட மாட்டேன். உண்மையைச் சொல்லிட்டு வா. இல்லேன்னா நான் டிக்கெட் எடுக்கல."

"உங்க ஊர்ல அது சுலபம். இங்க வந்து இருந்து பாரு," என்று சொல்லி ஹருயோ திரையை அணைத்துவிட்டாள். ஃபின்லாந்துக்காரிக்கு என்ன தெரியும் என்று அந்த வாரம் முழுக்கப் பொருமினாள். பாத்திரத்தை ஓங்கி வைத்தாள், ஒரு கிண்ணம் உடைந்தது. அலமாரியில் வேறு கிண்ணம் தேடும்போது பின்னால் அந்த ஊதுவத்திப் பெட்டி கையில் தட்டுப்பட்டது, உறைகூடப் பிரிக்காமல். தான் உயிராக நேசிக்கிற பனிக்காக ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆபீசில் தினமும் காலையில் எல்லோரும் நின்றபடி கூடுவார்கள். முறைவைத்து ஒருவர் ஒரு நிமிடம் பேசவேண்டும். ஜலதோஷம், பேரக்குழந்தை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அடுத்த வாரம் ஹருயோவின் முறை வந்தது. அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"மார்ச் ரெண்டாம் ஞாயிறு எனக்கு லீவு வேணும். முந்தின நாளும் மறுநாளும் சேத்து. ஸ்கீ போட்டிக்குப் போறேன். யாரும் சாகல. போன தடவையும் யாரும் சாகல. இந்த ஊதுவத்தி எனக்கு வேண்டாம்."

ஓபாதாதான் முதலில் கேட்டார். "அப்ப மாமா சௌக்கியம்தானே அக்கா?"

"நேத்துகூட நண்டு சாப்பிட்டாரு."

ஓபாதா மட்டும் சிரித்தார். மிசுஹோ மேலாளரை நிமிர்ந்து பார்த்து, "அப்ப என் பொண்ணு ஸ்கூல் விழாவுக்கு நானும் கேக்கலாமா சார்?" என்றாள். அது ஆதரவா எரிச்சலா என்று ஹருயோவுக்குப் பிடிபடவில்லை. ஷிமாகுராவின் காது சிவந்திருந்தது. நல்லது செய்யப்போய் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவர் போல நின்றார்.

"சரி. அன்னிக்கு போன்ல நானே உக்காந்துக்கறேன்."

இந்த இடத்தில் அவள், ஐயோ வேண்டாம் சார், நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லவேண்டும். அறை மொத்தமும் அதற்காகக் காத்திருந்தது. "ரொம்ப நன்றி சார்," என்று சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டு ஹருயோ தன் இடத்துக்குப் போனாள்.

அதன் பிறகு ஆபீசில் ஆரஞ்சுப் பழம் பகிர்ந்தால் அவள் மேசையைத் தாண்டிப் போனது. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. வலிக்கத்தான் செய்தது, வீட்டுக்கு வந்து இரண்டு முறை அழுதிருக்கிறாள். ஆனால் இப்போது மேசைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை. எல்லோரும் பார்க்க நடு அறையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு புகார் கேட்டாள். நடந்ததை எழுதி அனுப்பியதற்கு ரைலி பதில் எழுதவில்லை, விமான டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினாள்.

போட்டிக்கு முந்தின இரவு பேய்ப் பனி பெய்தது. விடிந்தபோது நின்றுவிட்டது, வானம் கழுவி வைத்த நீலம், வெயில் கண்ணைக் குத்தியது. ஹருயோ வீட்டில் மூன்று பேரும் அரிசி உருண்டையும் ரைலி கொண்டுவந்த கறுப்பு ரொட்டியும் தின்றுவிட்டுக் கதவைத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு மார்பளவு பனிமேடு. அவளுடைய கம்பெனி வண்டியின் கைவரிசைதான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"ஏம்மா, எல்லா லைனும் அடிக்குது. ஓபாதா வண்டி வேற பள்ளத்துல மாட்டிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. மதியம் வரைக்கும் இருந்தாப் போதும்," என்றார் ஷிமாகுரா. அவர் குரலை இப்படிக் கேட்டதேயில்லை. "எப்ப வர முடியும்?"

மன்னிச்சுக்கங்க என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பஸ் நிறுத்தம் தெருமுனையில், பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம்தான். அவருக்காக அவள் உண்மையாகவே வருந்தினாள். ரைலி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பனிமேட்டை அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அழைப்பைக் குறிச்சுக்கிட்டேன் சார். வரிசைப்படி வருவேன். செவ்வாய்க்கிழமை."

எதிர்முனையில் இன்னொரு போன் அடித்தது. அதை அவர் எடுப்பதும், "மன்னிச்சுக்கங்க, உங்க புகாரைக் குறிச்சுக்கிட்டோம், வரிசைப்படி..." என்று தடுமாறி ஆரம்பிப்பதும் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் ரைலி.

"யாரும் சாகல."

குல்னார் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு களிம்புக் குழாயை நீட்டினாள். "பூசிக்கடி. இந்த வெயிலுக்கு மூஞ்சி கறுத்துடும். கண்ணாடி அச்சு அப்படியே விழுந்துடும்."

"விழட்டும்," என்றாள் ஹருயோ. குழாயை வாங்கி குல்னாரின் பைக்குள்ளேயே திணித்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கீயைப் பக்கவாட்டில் பதித்துப் பதித்து அந்த மேட்டின்மேல் ஏறினாள். உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்று, ரைலிக்குக் கையை நீட்டிவிட்டு, முகத்தை நேராக வெயிலுக்குக் காட்டினாள்.