ரவுடியின் தண்ணீர்

ரவுடி சாப்பிடவில்லை என்பதைப் பெரியவள்தான் முதலில் கவனித்தாள்.

ரவுடி என்பது மீன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கருநீல உடம்பு, சிவப்புத் துடுப்பு, ஊரையே ஒரு கை பார்த்துவிடுவேன் என்கிற மூஞ்சி. கடையில் ஃபைட்டர் என்று விற்பார்களே, அந்த வகை. வெளியே யார் விரலை நீட்டினாலும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். அப்படிப்பட்டது இப்போது தொட்டியின் அடியில், மூலையில், துடுப்பையெல்லாம் மடக்கிக்கொண்டு, நனைந்த குடை மாதிரி கிடந்தது.

அது தம்பியின் மீன். தம்பி இல்லை. மழைக்காலத்தில் ஒரு காலை பைக்கில் வேலைக்குப் போனவன், போன வழியிலேயே போய்விட்டான். அம்மாவும் அவளும் மட்டும் மிஞ்சிய அந்த வீட்டில், அவன் விட்டுப்போனதில் மூச்சு விடுவது ரவுடி ஒன்றுதான். இதுவும் போனால் அம்மா என்ன ஆவாள்?

வேலை முடிந்ததும் நேராக வண்ணமீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுடைய செல்போனில் இருந்த படத்தை விரித்து விரித்துப் பார்த்தார்.

"தண்ணி எப்ப மாத்துனீங்க?"

"குறைய குறைய ஊத்திட்டு வர்றேன் அண்ணே."

"ஊத்துறது வேற, மாத்துறது வேற. தண்ணிதான் ஆவியாப் போகும், அழுக்கு எங்க போகும்? அது போன கழிவுலயே அது குடித்தனம் பண்ணிட்டு இருக்கு. மூணுல ஒரு பங்கை எடுத்துட்டு, ஒரு நாள் திறந்து வெச்ச தண்ணிய ஊத்துங்க. சோப்புக் கைய உள்ள விட்றாதீங்க."

"ரவுடி பொழச்சுக்குமா அண்ணே?"

"ரவுடின்னு பேரு வெச்சிருக்கீங்க. அதுக்காவது பொழைக்கணும்ல."

மறுநாள் மாலை மாற்றினாள். மீனுக்கு நல்லதென்று தம்பி எப்போதோ போட்ட காய்ந்த பாதாம் இலைகளின் சாயம் இறங்கி, தொட்டி பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது. இலைகள் எப்போதோ மட்கிவிட்டன, சாயம் மட்டும் நின்றது. மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினாள். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று வந்து வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டிடாதடி. நான் செடிக்கு ஊத்திக்கறேன்."

புதுத் தண்ணீர் விழுந்ததும் தொட்டி வெளுத்தது. தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. ரவுடி மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கியது. பரவாயில்லை, வழிக்கு வருகிறது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவள் செருப்பைக்கூட கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள்.

தண்ணீர் மறுபடி பழுப்பாக இருந்தது.

குனிந்து உள்ளே துழாவிப் பார்த்தாள். புது இலை எதுவும் இல்லை. வேர் இல்லை, மரக்கட்டை இல்லை, சாயம் விட ஒன்றுமே இல்லை. ரவுடி அதே மூலையில் அதே நனைந்த குடையாகக் கிடந்தது. முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுபடி மாற்றினாள். மறுபடி வெளுத்தது. மறுநாள் மறுபடி பழுப்பேறியிருந்தது. இந்த முறை தரையிலும் பார்த்தாள். தொட்டிக்குக் கீழே ஒரு சொட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு சொட்டு. சொட்டுகள் வரிசையாகப் போய்த் தம்பியின் அறைக் கதவடியில் முடிந்தன. அந்த அறையை யாரும் திறப்பதில்லை.

"அம்மா, தொட்டிகிட்ட யாராச்சும் வந்தாங்களா?"

"யாருடி வரப்போறா?" அம்மா சோற்றுப் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பேயை நம்புகிற ஆள் இல்லை பெரியவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணின் பவர் பார்ப்பது அவள் வேலை. தெரியாததெல்லாம் சரியான லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும் என்பதுதான் அவள் கட்சி. ஆனாலும் அன்று படுக்கப் போகுமுன் தொட்டியைக் கடந்தபோது, "டேய், நீயாடா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் தண்ணீரில் இருக்கும் கழிவைக் காட்டுகிற சோதனைப் பட்டையை அதில் நனைத்தார். அது ரத்தச் சிவப்பாக மாறியது.

"மாத்தவே இல்லையே தங்கச்சி."

"ரெண்டு தடவை மாத்துனேன் அண்ணே. சத்தியமா."

"நீங்க சத்தியம் பண்றீங்க, பட்டை இல்லைங்குது. நான் யாரை நம்ப? இது முழுக்கப் பழைய தண்ணி. வீட்டுல வேற யாரு இருக்கா?"

அந்தக் கேள்வி வழி முழுக்கக் கூடவே வந்தது. வந்ததும் மூன்றாம் முறையாக மாற்றினாள், வாளியை வழக்கம்போல அம்மா வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம். தம்பியின் அறை திறந்திருந்தது. அங்கிருந்து கொஞ்சும் குரலில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இருடா கண்ணு, இரு. ஒண்ணும் ஆகல. இதோ கொண்டு போயிடறேன்."

அவன் கட்டிலுக்கடியிலிருந்து மூடி போட்ட வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. மூடியைத் திறந்து, பழுப்புத் தண்ணீரைக் குவளையில் மொண்டு, ஒரு சொட்டு சிந்தினால்கூட பதறிக்கொண்டு தொட்டிக்கு நடந்தாள். தொட்டியிலிருந்து ஒரு பங்குத் தண்ணீரை ஏற்கெனவே இறைத்திருந்தாள். அங்கே நின்ற பெரியவளைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"செடிக்குன்னு சொன்னியேம்மா."

அம்மா குவளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அன்னிக்குக் காலைல அவன்தான்டி இந்தத் தண்ணிய மாத்துனான். முழங்கை வரைக்கும் கைய விட்டு அலசிட்டு இருந்தான். நேரமாச்சுடான்னு நான்தான் கத்துனேன். ஈரக்கையோடவே சாவிய எடுத்துட்டு ஓடுனான். அவன் கடைசியாக் கை வெச்சது இதுலதான். இதைப் போய்ச் சாக்கடைல ஊத்தச் சொல்றியா?"

"அம்மா, ரவுடி செத்துடும்மா."

"தண்ணி போயிட்டா அவன்?"

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்கு, பக்கத்து அறையில் படுத்திருக்கிற அம்மா இவ்வளவு நாளாகத் தெரியவில்லை.

அப்போது ரவுடி மேலே வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் சாய்ந்து, விழுந்து எழுந்து, காற்றுக்காக வாயைத் திறந்தது. எட்டவில்லை. மறுபடி முயன்றது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூச்சு முட்டுதாடி அதுக்கு?"

"ஆமாம்மா."

"அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?"

பெரியவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா குவளையைக் கீழே வைத்தாள். வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். யாருடைய கையையோ பிடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி அப்படியே இருந்தாள். பிறகு கையைத் துடைக்காமல் எழுந்தாள்.

"புதுத் தண்ணி எங்க வெச்சிருக்க? நானே ஊத்தறேன்."

கொஞ்சம் கொஞ்சமாக, சில நாள் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். பழைய தண்ணீரில் ஒரு கண்ணாடி பாட்டில் மட்டும் நிரப்பி, இறுக மூடி, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள் அம்மா. மீதியை இந்த முறை நிஜமாகவே செடிக்கு ஊற்றினாள்.

ரவுடி பிழைத்துக்கொண்டது. அந்த அழுக்கில் வால் ஓரம் கொஞ்சம் கிழிந்தது கிழிந்ததுதான், ஆனால் பசி வந்துவிட்டது, திமிரும் வந்துவிட்டது. தம்பி வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் தினமும் பாட்டில் பக்கம் போய்ச் செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

"பாத்தியா? வந்துட்டான்" என்பாள் அம்மா.

பெரியவள் தலையாட்டுவாள். கறுத்த தண்ணீர் பின்னால் இருந்தால் தொட்டிக் கண்ணாடி முகம் காட்டும், மீன் தன் பிம்பத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறது. இது அவள் தொழில், அவளுக்குத் தெரியாதா? ஆனால் சொல்லவில்லை.

ஒரு நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது, சும்மா பார்ப்போமே என்று பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வெறும் சுவர், வெறும் வெளிச்சம்.

நேரம் வந்தது. ரவுடி நீந்தி வந்தது. பாட்டில் இல்லாத அந்த இடத்தைப் பார்த்துச் செவுளை விரித்தது.

பெரியவள் பாட்டிலை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். வைத்தபோது கை ஈரமாயிற்று. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.