தண்ணீர் வேண்டாத பசை

நான்காம் மாடி ஹாலில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள் வாளியக்கா. வேலை நேரத்தில் அவள் இப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன எலக்ட்ரீஷியன் நின்று, "என்னக்கா, வாளிக்கு லீவா?" என்றார்.

"வாளிக்கு இல்ல, எனக்கு. சூப்பர்வைசர் தம்பி சொல்லியாச்சு. இன்னிக்கு நான் மகாராணி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கைகள் இரண்டும் எங்கே இருப்பது என்று தெரியாமல் மடியில் கிடந்து தவித்தன.

சுவரில் ஜிப்சம் போர்டு ஒட்டுவது அவள் கணவரின் தொழில். கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் போர்டுக்காரர். ஒட்டும் பவுடரைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, கட்டி இல்லாமல் அவர் கைக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது அவள் வேலை. கலக்கிய பசை காத்திருக்காது. கொஞ்சம் கண் அயர்ந்தால் வாளியோடு கல்லாகிவிடும். கலக்க ஓர் ஆள், ஒட்ட ஓர் ஆள் என்று இருந்தால்தான் வேலை ஓடும் என்பதால்தான் இத்தனை வருடமும் இரண்டு பேருக்கும் சம்பளம் நடந்தது. அவருடையது வாடகைக்கும் அடுப்புக்கும் சரியாகப் போய்விடும். அவளுடையது நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு. மகள் இரண்டாம் வருடத்தில் இருந்தாள்.

இப்போது பவுடர் மூட்டைக்குப் பதிலாக டப்பாக்கள் வந்திருந்தன. டப்பாவை நன்றாகக் குலுக்கி, துப்பாக்கி மாதிரி ஒன்றின் தலையில் கவிழ்த்துத் திருக வேண்டும். விசையை அழுத்தினால் 'உஸ்' என்று நுரை வரும். போர்டின் ஓரம் முழுக்க ஒரு வரி, நடுவில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு வரி. சுவரில் வைத்து அழுத்தினால் நுரை தானாக உப்பி, இடுக்கெல்லாம் நிறைந்து பிடித்துக்கொள்ளும். கம்பெனி ஆள் முந்தின நாள் கீழே ஆபீஸ் அறையில் செய்து காட்டினான். பளபளவென்று பெயிண்ட் அடித்த சுவரில், இஸ்திரி போட்ட சட்டையோடு. "மூட்டை வேண்டாம், வாளி வேண்டாம், தண்ணியே வேண்டாம். ஒரே ஆள் போதும்" என்று அவன் சொன்னதைச் சூப்பர்வைசர் தலையாட்டிக் கேட்டான்.

இன்று அதற்குத்தான் பரீட்சை. ஹால் முழுவதையும் போர்டுக்காரர் ஒற்றை ஆளாக ஒட்டிக் காட்ட வேண்டும்.

போர்டுக்காரர் ஜன்னலோரம் நின்று துப்பாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை நுரை வராமல் முரண்டு பிடித்தது. அடுத்த முறை அழுத்தும் முன்னரே பீய்ச்சி அவர் செருப்பில் விழுந்தது. சூப்பர்வைசர் பால்கனியில் போனில் யாருக்கோ "சார், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எழுந்தாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பக்கத்து அறையில் கல் அறுத்த தூள் சுவர் முழுக்க மாவு பூசியதுபோல் ஒட்டியிருந்தது. பெரிய பிரஷ்ஷை எடுத்து மேலிருந்து கீழே வரை தட்டித் துடைத்தாள். பிறகு வழக்கம்போல ஒரு மக் தண்ணீரில் மெத்தைப் பஞ்சுத் துண்டை முக்கிச் சுவரை ஒற்றிக்கொண்டே போனாள். ஒட்டப் போகும் சுவரை அவள் இப்படிச் செய்யாமல் விட்டதில்லை. செய்யச் சொல்லி யாரும் சொன்னதும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

துப்பாக்கி வழிக்கு வந்ததும் போர்டுக்காரர் ஆரம்பித்தார். போர்டை நிமிர்த்தி, அடியில் கட்டையைச் சொருகிக் கால் விரலால் மிதித்துத் தூக்கி, சுவரோடு சேர்த்து, ரசமட்டத்தை வைத்துச் சாய்வு பார்த்து, முதுகைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். நுரை உப்பும்போது போர்டை வெளியே தள்ளும். மறுபடி ஒருதரம் அழுத்தினால் அடங்கிவிடும். நாலாவது போர்டிலேயே அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சாப்பாட்டு வேளைக்குள் ஹால் முடிந்தது. பவுடர் என்றால் சாயங்காலம் ஆகியிருக்கும். வாளியக்காவுக்கே பெருமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் தொழில் படியும் என்று நினைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஓரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தான். அசையவில்லை.

"உடும்புப் பிடிண்ணே! அசத்திட்டீங்க. நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பறேன்." போனைத் தூக்கியவன் ஒரு கணம் நிறுத்தினான். "அக்கா, நீ கொஞ்சம் தள்ளிக்கோ. ஒரே ஆள்னு காட்டணும்ல?"

அவள் பஞ்சும் கையுமாகத் தள்ளிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். சொன்னவன் சூப்பர்வைசர்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனை ஆட்டுகிற கயிறு மேலே இருந்தது. "எனக்கே மனசு கேக்கலக்கா. ஆனா வாளியே இல்லாதப்ப வாளிக்கு ஆள் எதுக்குன்னு மேல கேக்கறாங்க" என்றான். அவள் கணவர் பக்கத்தில் நின்று, விரலில் காய்ந்திருந்த நுரையை உரித்துக்கொண்டிருந்தார். வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்கு வாய் வந்தது.

"நான் அன்னிக்கு அவ்வளவு வேகமா ஒட்டியிருக்கக் கூடாது."

"மெதுவா ஒட்டியிருந்தா வேற ஒருத்தன் வேகமா ஒட்டியிருப்பான். விடுங்க."

விடுங்க என்று சொல்லிவிட்டாளே தவிர அவளால் விட முடியவில்லை. அடுத்த நாளே தெருவில் வேலை தேடிப் போனாள். துணிக்கடையில் வயதைக் கேட்டார்கள். மாடி வீடுகளில் பாத்திரம் கழுவ ஏற்கெனவே ஆள் இருந்தது. எல்லோரும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். மகள் போன் செய்து பரீட்சைக்கு முன்னால் ஃபீஸ் பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள் என்றபோது, "அம்மா இருக்கேன்ல, நீ படி" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

அப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம் போர்டுக்காரர் தலையெல்லாம் நுரையோடு வந்தார். காய்ந்த நுரை எண்ணெய்க்கும் போகாது, சோப்புக்கும் போகாது. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கத்தரிக்கோலால் முடியோடு சேர்த்து வெட்டினாள்.

"பின்னாடி மொட்டைத் திட்டு விழுது. பரவாயில்லையா?"

"வேலையே போகப் போகுது. முடி போனா என்ன?"

கத்தரிக்கோல் நின்றது.

"அஞ்சாவது மாடியில போர்டு கழண்டு கழண்டு வருது. ஒண்ணு என் தலையிலயே சாஞ்சிடுச்சு. நேத்து ஒட்டினதைத் தட்டினா டொங்கு டொங்குனு சத்தம் கேக்குது. சூப்பர்வைசர் என்னைத் திட்டறான். நான் டப்பாவைத் திட்டறேன். இப்படியே போனா வேற டீமைக் கூட்டிட்டு வருவேன்னுட்டான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். போர்டுக்குப் பின்னால் இருந்து பிய்ந்து வந்த நுரை. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். சுவரைத் தொட்ட பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூள் அப்பியிருந்தது. நுரை பிடித்தது சுவரை அல்ல, தூசியை.

"சுவரைத் தொடச்சீங்களா?"

"எதுக்கு?"

"தூசி இருந்தா எப்படிங்க பிடிக்கும்? தண்ணியாவது ஒத்தினீங்களா?"

"தண்ணியே வேண்டாம்னுதானே அவன் சொன்னான்? டப்பாவுலயும் தண்ணித் துளி படம் போட்டிருக்கு. தண்ணி படக் கூடாதுன்னுதானே அர்த்தம்? நான் சுவர் ஈரமா இருந்தா காய விட்டுல்ல ஒட்டறேன்!"

"குறுக்கால கோடு போட்டிருந்துச்சா?"

அவர் யோசித்தார். டப்பாவை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"கோடு இல்ல. பக்கத்துல ஒரு பிரஷ் படம் இருக்கு" என்றார். "அதை நான் பெயிண்ட் அடிக்கறதுக்குன்னு நினைச்சேன்." அப்புறம் குரல் இறங்கிப்போனது. "நாலாவது மாடி ஹாலு மட்டும் எப்படி அப்படிப் பிடிச்சுது?"

அந்த ஹாலில் பஞ்சை முக்கி முக்கிச் சுவரை ஒற்றியது அவள் கண் முன்னால் வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான். நான் மட்டும் அன்று மகாராணியாகவே உட்கார்ந்திருந்தால் போர்டு அன்றைக்கே கழன்றிருக்கும், என் வேலையும் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அவர் மேல், சூப்பர்வைசர் மேல், எல்லாவற்றையும்விடத் தன் கைகள் மேல் கோபம் வந்தது. மிச்ச முடியைச் சரக்கென்று வெட்டினாள்.

"ஆ! காதுடி!"

"காது இருக்கு. மூளைதான் இல்ல" என்றாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்து ஆபீஸ் அறைக்குப் போனார்கள். போகும் வழியில் அவளுக்குள் நம்பிக்கை துளிர்த்திருந்தது. வாளிக்கு ஆள் வேண்டாம், சரி. சுவருக்கு ஆள் வேண்டும் அல்லவா? அதைச் சொல்லி வேலையைத் திரும்பக் கேட்டுவிடலாம். நுரைத் துண்டை மேஜையில் வைத்து, துடைத்தது, ஒற்றியது, தூசி, ஈரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சூப்பர்வைசர் நன்றாகத்தான் கேட்டான். டப்பாவை எடுத்து, படத்தையும் பார்த்தான்.

"கரெக்டுக்கா. நீ சொல்றதுதான் கரெக்ட். அண்ணே, இனிமே தொடச்சிட்டு ஒட்டுங்க."

"அவரால முடியாது தம்பி. போர்டையும் வெட்டி, தூக்கி, நுரையும் அடிச்சு, முட்டுக் கொடுத்துக்கிட்டு நின்னு, சுவரையும் எப்பத் தொடைப்பாரு? ஒரு ஆள் வேணும். நான் வர்றேன். அதே கூலி கொடுங்க போதும்."

"எந்தக் கணக்குலக்கா? மிக்ஸிங்குன்னு ஒரு வேலை இருந்துச்சு, எடுத்துட்டாங்க. சுவர் தொடைக்கறதுன்னு ஒரு வேலையே கிடையாதே?"

"வேலை கிடையாதுன்னா போர்டு ஏன் விழுது?"

கழுவுற மீனில் நழுவுற மீன் அவன். ஆனால் அந்தக் கேள்விக்கு நழுவ இடம் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இங்க பாருக்கா, ஒரே ஆள்னு போட்டோவோட அனுப்பிட்டேன். மேல அதைப் பாத்துட்டு மத்த கட்டிடத்துலயும் மாத்திட்டாங்க. இப்பப் போய் ரெண்டு ஆள்னு சொன்னா என் வேலை போயிடும். இன்னொரு டீம்காரன் ஒரே ஆளா முடிச்சுத் தர்றேன்னு தினமும் வந்து நிக்கறான். நான் அண்ணனுக்காகத்தான் தள்ளிப்போட்டுக்கிட்டிருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "உன் வீட்டுக்காரருக்கு நீயா வந்து ஒத்தாசை பண்ணா நான் ஏன் தடுக்கப் போறேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது."

வெளியே வந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நீ வர வேண்டாம்" என்றார் போர்டுக்காரர். "காசில்லாம எதுக்கு வரணும்? நான் கொஞ்சம் சீக்கிரமாவே வந்து தொடச்சுக்கறேன்."

"முந்தாநாள் ராத்திரி தோள்பட்டை வலின்னு திரும்பித் திரும்பிப் படுத்தது யாரு? ரெண்டு சம்பளத்துல ஒண்ணு போயாச்சு. இன்னொண்ணும் போயிட்டா அவ படிப்பை நிறுத்த வேண்டியதுதான். காலேஜுக்குக் கட்டற காசை எங்கயாவது பொரட்டிக்கலாம். வீட்டுல அடுப்பு எரியணும்ல?"

"கேவலமா இருக்குடி."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவள் கேட்டில் தனியாக நின்றாள். கணவர் வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாட்ச்மேன் புதிது. அவள் விரலை வைத்தபோது மெஷின் சிவப்பாக எரிந்தது.

"பேரு இல்லையேம்மா. யாரைப் பாக்கணும்?"

"போர்டுக்காரரை. அஞ்சாவது மாடி."

"என்ன விஷயமா?"

அவள் யோசித்தாள். கையில் டிபன் பாக்ஸ் இருந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்தார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"வீட்டுக்காரரா? சரி, கொடுத்துட்டுப் பாத்துட்டு வந்துடுங்க." டிராயரிலிருந்து கயிறு கட்டிய அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பச்சை அட்டை. பெரிய எழுத்தில் 'பார்வையாளர்' என்று போட்டிருந்தது. "கழுத்துல மாட்டிக்கணும். போகும்போது கொடுத்துடணும்."

புடவைக்கு மேல் பழைய சட்டையையும் கழுத்தில் அந்த அட்டையையும் மாட்டிக்கொண்டுதான் அன்று முழுவதும் வேலை செய்தாள். குனிந்து பஞ்சை நனைக்கும்போதெல்லாம் அட்டை தண்ணீரில் விழுந்தது. முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கழன்ற போர்டுகளின் சுவர்களில் காய்ந்த நுரையைத் தகட்டால் சுரண்டினாள், தூசியைத் தட்டினாள், ஈரம் ஒற்றினாள். பின்னாலேயே அவர் நுரை அடித்து ஒட்டிக்கொண்டு வந்தார். அவர் ரசமட்டம் பார்க்கும்போது அவள் முதுகைக் கொடுத்து நின்றாள். மத்தியானம் வந்த சூப்பர்வைசர் போர்டுகளைத் தட்டிப் பார்த்து, "சூப்பர்ணே" என்று அவரிடம் மட்டும் சொன்னான். அவள் நின்ற திசையில் அவன் பார்க்கவே இல்லை.

இறங்கி வரும்போது கேட்டில் விரல் வைக்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். போர்டுக்காரரும் அதில் நின்றார். வரிசையில் அவளுக்கு வேலை இல்லை. நேரே வாட்ச்மேனிடம் போனாள். புருவம் வரை தூள் படிந்திருந்தது. நுரை காய்ந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாட்ச்மேன் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, வீட்டுக்காரரைப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுண்ணே" என்றாள். அட்டையைக் கழற்றி, அதில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.