சாமிக்குப் போட்ட லைட்டு

விஜயதசமி காலை ஏழு மணி. பிள்ளைப்பாக்கத்தில் வீட்டு வாசலில் பழைய அம்பாசடர் சாமந்தி மாலையோடு நின்றது. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். வசந்தகுமார் சாவியைத் திருகினான். 'டொக்' என்றது. அதோடு சரி.

பக்கத்தில் அவன் மனைவி ரஞ்சனி நின்றாள். கல்யாணமாகி நான்கே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை இந்த வண்டியை மாத வாடகைக்குப் பேசியதும், "எல்லாம் எம் மருமக வந்த ராசி" என்று மாமியார் முனியம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இன்றுதான் முதல் நாள். அந்த நல்ல பேர் வாசலைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

குற்றம் அவளுடையதுதான். நேற்று ஆயுத பூஜையில், "லைட்டப் போடு ரஞ்சனி, வண்டி கண்ணு தொறந்தா மாதிரி இருக்கட்டும்" என்றான் வசந்தகுமார். போட்டாள். கற்பூரம் காட்டியதும் அவன் மெக்கானிக் நடேசனின் ஒர்க்‌ஷாப் பூஜைக்குப் போய், விடிந்துதான் திரும்பினான். பூஜையில் ஏற்றிய விளக்கைக் கையால் நிறுத்தலாமா என்று ரஞ்சனி அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவை எண்ணெய் விளக்குகள். அவை தாமாகவே குளிர்ந்துவிடும்.

"பேட்டரி சுத்தமா எறங்கிடுச்சு. லைட்ட யாருமே நிறுத்தலியா?"

மாமியாரும் மருமகளும் தெருவைப் பார்த்தார்கள்.

"சரி, தள்ளுங்க. எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டுல நிக்கணும்."

"பெத்தவளையும் கட்டினவளையும் ஏர்மாடாக்கிட்டான் மகராசன்," என்று முனியம்மாள் புடவையை இழுத்துச் செருகினாள்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி மெல்ல நகர்ந்தது. ரஞ்சனியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அத்த, லைட்ட நிறுத்தாம உட்டது நான்தான். சாமிக்குப் போட்டதாச்சேன்னு..."

"தள்ளுடி."

"என்னால முத நாளே இப்பிடி ஆயிடுச்சே அத்த."

"உன்னால மட்டுமா? மாட்டுக்கு வைக்கோல் போட வந்தப்ப நானுந்தான் பாத்தேன். ஜெகஜோதியா எரிஞ்சுகினு கீது. நான் போய் நிறுத்துவனா? கன்னத்துல போட்டுகினு போய்ப் படுத்துட்டேன்."

ரஞ்சனிக்குச் சிரிப்பு பீறிட்டது. கை நழுவியது.

"அடியே, சிரிக்காத! வண்டி மொத்தமும் எம்மேல சாயுது!"

சிரித்துக்கொண்டே முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். வசந்தகுமார் கிளட்ச்சை விட்டான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, இருமி, இருவர் முகத்திலும் கரும்புகையைக் கக்கிவிட்டு உறுமியது. நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும் என்று அவன் ஓட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டினான்.

"அம்மா! சாயங்காலத்துக்குள்ள ஆளக் கண்டுபுடிச்சு வை!"

முனியம்மாள் முந்தானையால் மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள். கரி காது வரை பரவியதுதான் மிச்சம்.

"வந்து கேட்டான்னா டைனமோ சரியில்லன்னு சொல்லிடு."

"அது இன்னா அத்த?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நடேசன் எல்லா வண்டிக்கும் அதத்தான் சொல்றான்."