சும்மா நிற்கும் நேரம்

அந்தச் சொல்லை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். 'குப்பை பிரிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கலாம். கண்ணால் பார்த்தேனே, பிறகு ஏன் காதை நம்பினேன் என்று சுபாஸ்ரீ தன்னையே கேட்டுக்கொண்டாள்.

நகராட்சிக் கூட்ட அறையில், பொறியாளர் லிங்கேஸ்வரன் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். டீசல் குப்பை வண்டிகள் எல்லாம் பேட்டரி வண்டிகளாக மாறப்போகின்றன. சந்தைக்குப் பின்னால் சார்ஜ் போடும் கொட்டகை வருகிறது. உதவிப் பொறியாளர் சுபாஸ்ரீக்கு இவையெல்லாம் தெரியும். வண்டிகளிலேயே ஏறிச் சென்று, எங்கே எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று கணக்கெடுத்தவள் அவள்தான். கடைசிப் படம்தான் புதிது. வண்டியோடு போகும் பெண்கள் இனி வேண்டாம், ஓட்டுநர் மட்டும் போதும் என்றது அது. காரணமாக அவளுடைய சொற்களே இருந்தன: 'சந்தையில் சும்மா நிற்கும் நேரம்.'

கணக்கெடுக்கப் போன அன்று சந்தைக்குப் பின்னால் ஓட்டுநர் எஞ்சினை அணைத்ததும், வண்டியோடு வந்த முனீஸ்வரி இறங்கிச் சாக்கை விரித்தாள். வாழை மட்டையை ஒரு பக்கம் இழுத்துப் போட்டாள். அழுகிய திராட்சைக்குள் கையை விட்டுப் பால் கவர்களை உருவினாள்.

"என்னக்கா பண்றீக?" என்று சுபாஸ்ரீ கேட்டாள்.

"சும்மாதேன் நிக்கோம் ஆத்தா. நீ நெழலுக்குப் போ. கருத்துப்போனா மாப்பிள வீட்டுக்காரக எங்களைத்தேன் வைவாக."

சுபாஸ்ரீ சிரித்துக்கொண்டே அதையே எழுதிக்கொண்டாள். போடியில் இருக்கும் அவள் அம்மாவும் அப்படித்தான். குக்கர் சத்தம் போனில் கேட்கும்போதே 'சும்மாதான் இருக்கேன்' என்பாள். கையில் இருக்கும் வேலையைச் சொன்னால் பீற்றிக்கொள்வதாகவோ அலுத்துக்கொள்வதாகவோ ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள். அதே பேச்சில் வளர்ந்தவளுக்கு அன்று அது உறைக்கவில்லை.

"சார், அந்த நேரத்துல அவுக குப்பை பிரிக்கிறாக" என்றாள் இப்போது.

"புது வண்டில தனித்தனித் தொட்டி இருக்கும்மா. வீட்டு வாசல்லயே பிரிச்சுருவோம்."

"யாரு சார் பிரிப்பா?"

"டிரைவர்தான்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?"

அறை சிரித்தது. அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் எழுதினது தப்பு சார். திருத்தித் தாரேன்."

"திருத்தினா மறுபடி முதல்லருந்து அனுமதி. வண்டியே வராம போயிரும். அந்தப் புகையத் தெனம் குடிக்கிறதும் அந்தப் பொம்பளைகதானே?"

அது உண்மை. புகை போகவேண்டும் என்றுதான் அவளும் இந்தத் திட்டத்துக்கு அலைந்தாள்.

"நாளைக்குக் காலைல நீங்க போய் அவுககிட்டப் பக்குவமாச் சொல்லுங்க. உங்கள ஆத்தாங்கிறாக. நீங்க சொன்னா கேப்பாக. நான் போனா ஜீப்ப மறிச்சுருவாக."

கேட்பார்கள்தான். முனீஸ்வரி, 'நீ என்ன ஆத்தா செய்வ, வருத்தப்படாத' என்பாள். டீ வாங்கிவரச் சொன்னாலும் சொல்வாள். அந்த ஆறுதலைக் கேட்கத் தனக்குள் ஏதோ ஒன்று இப்போதே ஏங்குவதை சுபாஸ்ரீ கவனித்தாள். போய்ச் சொல்லிவிட்டால் மன்னிப்பும் கையோடு கிடைத்துவிடும். வேலை போவது அவர்களுக்கு, மனம் லேசாவது இவளுக்கு. இத்தனை அருவருப்பாகத் தன்னை அவள் பார்த்ததில்லை.

"நான் போகல சார்."

"நாளைக்கு லீவா?"

"இல்ல. ஆபீஸ்லதான் இருப்பேன். தப்புன்னு எழுத்துல குடுத்துர்றேன், நீங்க அனுப்பினாலும் அனுப்பாட்டியும். ஆனா அவுககிட்ட இதச் சொல்ல நான் போமாட்டேன்."

குரல் மிகவும் தணிந்திருந்தது. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, என்ன என்று மறுபடி கேட்டார்.

அதே குரலில் அவள் இன்னொரு தடவை சொன்னாள்.