விருந்தாளிக்குக் காட்டாத அழுக்கு

வேனை நிறுத்திவிட்டு இறங்கினேன். எங்கள் சலவைக்கூடத்தில் சத்தமே இல்லை.

வேலை நாளில் தெருமுனையிலேயே கேட்கிற சத்தம் அது. சலவை மெஷின் சுற்றும், பாய்லர் சீறும், இரண்டுக்கும் மேலே என் நாத்தனார் கத்துவாள். ஓட்டலில் விரிப்புகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் என்ன ஆகிவிட்டது? பாய்லர் வெடித்துவிட்டதோ என்று உள்ளே ஓடினேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. தரை துடைத்துவிட்டாற்போலிருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த சட்டையில் நின்றார். மடிப்பு மேசையில் புது விரிப்பு, அதன்மேல் தட்டு நிறைய பிஸ்கட். எதிரே, நாங்கள் கேட்ட கடனுக்காகக் கூடத்தைப் பார்க்க வந்த வங்கி அம்மா, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்காராமல் நின்றாள்.

"எங்க எல்லாரும்?" என்றேன்.

"வீட்டுக்கு அனுப்பிட்டேன். பாய்லரையும் அணைச்சாச்சு. பேங்க்லேருந்து வர்றாங்க, இந்த இரைச்சல்ல எப்படிப் பேசுவாங்க?" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். மனிதர் கெட்டவர் இல்லை. எங்கள் ஆட்களின் வளர்ப்பு அப்படி. வாசலில் யாராவது வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு, கிடக்கிறதை எல்லாம் ஒளித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நிற்க வேண்டும். வேலை பார்த்தபடியே "வாங்க" என்றால் வந்தவரை அவமதித்ததாக அர்த்தம்.

இந்த ஊருக்கு நாங்கள் பிழைக்க வந்த கூட்டம். பேச்சு வேறு, பெயர் வேறு. இதற்கு முன் போன வங்கிகளில் எங்கள் பெயரைப் படிக்கத் திணறியவர்கள், அந்த எரிச்சலிலேயே காகிதத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் இந்தக் கடன் கிடைத்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறக்கிறது. இரண்டு கட்டடத் துணியும் சேர்த்து எடுங்கள், முடியாவிட்டால் பழையதையும் வேறு ஆளுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு இன்னொரு பெரிய மெஷின் வேண்டும். இன்று மாலைக்குள் வங்கியின் சம்மதம் போகவில்லை என்றால், இருக்கிற சோறும் போய்விடும்.

வங்கி அம்மா அவள் மொழியில்தான் பேசினாள். எனக்கு அது நன்றாக வரும், என் வீட்டுக்காரருக்குப் பாதிதான் புரியும்.

"சலவைக்கூடம்னு எழுதியிருக்கீங்க. ஒரு துணி கூட இல்லையே. ஈரமே இல்லையே" என்றாள். "போன மாசம் உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் வாடகை மெஷினைக் கொண்டுவந்து வச்சு என்னை ஏமாத்தினாரு. இந்த ஊர்க்காரர் அப்படிச் செஞ்சா என் மேனேஜர் அந்த ஒருத்தரைத் திட்டுவாரு. உங்கள்ல ஒருத்தர் செஞ்சா உங்க எல்லாரையும் திட்டுவாரு. மன்னிச்சுக்கங்க, நான் கிளம்பறேன்."

"என்ன சொல்றாங்க?" என்றார் இவர், பிஸ்கட் தட்டை நீட்டியபடி.

"நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றேன். கோபம் தலைக்கேறிவிட்டது. ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

வங்கி அம்மாவின் முகம் வெளுத்தது. ஆளில்லாத கூடம், வழி மறிக்கிற பெண், பின்னால் தட்டோடு ஓர் ஆண். அவள் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன். என் கோபத்தால் எல்லாம் கெட்டது என்று உறைத்தது. சட்டென்று விலகி வழி விட்டேன்.

"போறதுன்னா போங்க" என்றேன். "ஆனா பக்கத்து முற்றத்தை எட்டிப் பார்த்துட்டுப் போங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் வந்தாள். பக்கத்துத் தச்சர் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய குவியல் ஒன்று இருந்தது. வேறெங்கே ஒளித்திருப்பார் இந்த மனிதர்? பாயை இழுத்தேன். ஆஸ்பத்திரி முத்திரை போட்ட விரிப்புகள், ரத்தக்கறை, மருந்துக்கறை, குடலைப் புரட்டும் நாற்றம்.

"இதையா மறைச்சீங்க? ஏன்?" என்றாள் வங்கி அம்மா.

"அழுக்கை யாராவது விருந்தாளிக்குக் காட்டுவாங்களா?" என்றேன்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் குவியலையே பார்த்தாள். "நான் விருந்தாளி இல்லைங்க" என்றாள் மெதுவாக. "நான் பார்க்க வந்ததே இதைத்தான். வர்றதுக்கு முன்னாடி அதைச் சொல்லியிருக்கணும். எங்க பேங்க்ல யாருக்கும் அது தோணலை. நீங்க பாய்லரைப் பத்த வைங்க. நான் இருக்கேன்."

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "அண்ணி, வேலை போச்சா?" என்று அழ ஆரம்பித்தாள். "போகாம இருக்கணும்னா எல்லாரையும் கூட்டிட்டு ஓடி வா" என்றேன். பெண்கள் மூச்சிரைக்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கல்யாணச் சட்டையோடு குவியலை அள்ளித் தள்ளுவண்டியில் போட்டார். நான் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. பாவமாக இருந்தது.

பாய்லர் சூடேறுகிற வரைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வங்கி அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், பிஸ்கட் ஒன்றைக் கடித்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் மெஷின் உறுமியது. தரை அதிர்ந்தது, ஆவி கிளம்பியது, நாத்தனார் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரே அவளைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "அதுவும் பொய்க் கடைதானே? கிளம்பி வாங்க."

வங்கி அம்மா போனை மெஷின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்து, "கேட்டுச்சா சார்? இதுல இன்னொண்ணு வாங்கத்தான் கேக்கறாங்க. நான் கையெழுத்துப் போடறேன், பொறுப்பு என்னோடது" என்றாள். காதில் வைத்து அவர் சொன்னதைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"கிடைச்சிருச்சுங்க!" என்று கத்தினேன்.

அந்தக் கோடியில் ஈரச் சட்டையோடு நின்ற என் வீட்டுக்காரர் காதருகே கையை வைத்தார். "என்னது? ஒண்ணும் கேக்கலை. இரு, மெஷினை நிறுத்தறேன்!"

"நிறுத்தாதீங்க!" என்று நாங்கள் எல்லோரும் அலறினோம். வங்கி அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.