அணு எண் மூன்று

அந்தப் பள்ளியில் அவரை எல்லோரும் கார்பன் டீச்சர் என்பார்கள். கார்பனுக்கு நாலு கை. டீச்சரும் ஒரே நேரத்தில் நாலு பேரைப் பிடித்து வைத்துக் காய்ச்சுவார். இருபத்திரண்டு வருடமாக வேதியியல் எடுக்கிறார். பாடத்தில் புலி. அந்தப் புலிக்கே சொந்த வீட்டுக்குள் கண் தெரியாமல் போன கதை இது.

டீச்சரின் கணவர் பல்செட் செய்கிறவர். ஒரு காலத்தில் அந்த மனிதரின் மனசு ஊஞ்சலாடியது. இரண்டு மாதம் தூங்காமல் ஊரையே விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரிப் பேசுவார். அடுத்த இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒருமுறை மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றவரை டீச்சர்தான் இழுத்துக் கீழே போட்டார். அதற்குப் பிறகு ஒரு மருத்துவர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக வீட்டில் நிம்மதி.

போன மாதம் மருந்துக் கடையில் விளையாட்டாக அளந்து பார்த்ததில் அவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. டீச்சருக்குப் பொறுக்குமா? யாரையும் கேட்கவில்லை. உப்பு டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கணவர் ஒருநாள் முனகினார். டீச்சர் முறைத்த முறைப்பில் அதன் பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. மெழுகில் பதித்த பற்கள் கோணிக்கொண்டு நின்றன. அப்புறம் வாந்தி. ஒருநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், இது யார் வீடு என்று கேட்டார். பழைய வியாதி திரும்பிவிட்டது என்றே டீச்சர் நினைத்தார். மகளைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு, முதல் பாடவேளையை மட்டும் முடித்துத் திரும்பலாம் என்று பள்ளிக்கு ஓடினார்.

கரும்பலகையில் தனிம அட்டவணையின் முதல் தொகுதி உலோகங்களை மேலிருந்து கீழாக எழுதினார்: லித்தியம், அதன் கீழே சோடியம், அதன் கீழே பொட்டாசியம். கீழே போகப் போக அணு பெரிதாகும், கடைசி எலக்ட்ரான் அணுக்கருவை விட்டுத் தள்ளிப் போகும், பிடி தளரும். அதனால்தான் லித்தியம் தண்ணீரில் சீறுவதோடு நிற்கும், பொட்டாசியம் தீயே பிடிக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் வெளியில் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். வருடா வருடம் சொல்கிற வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"அதைக் குடுத்துட்டா எல்லாம் ஒரே சாயல்தான். லித்தியம் எது, சோடியம் எதுன்னு நம்ம உடம்பே சில நேரம் ஏமாந்துடும்."

சாக்பீஸ் அப்படியே நின்றது. உப்பென்றால் சோடியம். சோடியம் கிடைக்காமல் பட்டினி கிடந்த சிறுநீரகம் எதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்? வெளியே போக வேண்டிய லித்தியத்தைத்தான். மூன்று வாரமாக அவர் ரத்தத்தில் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றியது இந்தக் கை.

வராந்தாவுக்கு ஓடி மகளைக் கூப்பிட்டார். "அப்பாவுக்கு இனி மாத்திரை குடுக்காத. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தத்துல லித்தியம் எவ்வளவுன்னு பாக்கச் சொல்லு."

ஆஸ்பத்திரியில் அளந்தபோது லித்தியம் இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதே சந்தேகம் என்றார் மருத்துவர். உப்பை நிறுத்தியது நான்தான் என்று டீச்சர் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். மருத்துவர் திட்டவில்லை, உப்பு நீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்.

சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்தபடி டீச்சர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்கிற சோடியம். மூச்சை அடைக்கிற குளோரின். ஒன்று ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தது, மற்றது வாங்கிக்கொண்டது. இரண்டும் சாதுவாகி இதோ கணவரின் நரம்புக்குள் போகின்றன. உள்ளே சிறுநீரகம் தன் பிடியை விட்டு லித்தியத்தை வழியனுப்புகிறது. அந்த லித்தியம்தான் என்ன சாமானியமா? அணு எண் மூன்று. அதில் ஒரு பங்கு, ஒரு விண்மீன்கூடப் பிறக்காத காலத்தில், பிரபஞ்சத்தின் முதல் சில நிமிடங்களில் உண்டானது. அத்தனை காலம் தாண்டி வந்து பல்செட் செய்கிற ஒரு மனிதரின் மனசைப் பன்னிரண்டு வருடம் பிடித்து வைத்திருக்கிறது. இவ்வளவையும் பரீட்சைக்கு மட்டுமே சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்று டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாடி என்று வாய்விட்டுச் சொன்னார். அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் கணவருக்குத் தெளிந்தது. டீச்சர் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"மாத்திரையை ஒரேயடியா நிறுத்திடுவாங்களா?"

"இல்லீங்க. ரத்தத்துல இறங்கினதும் அளவு பாத்துக் குடுப்பாங்களாம்."

அவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். "அப்ப சரி. உப்பில்லாமகூட இருந்துடுவேன். அது இல்லாம என்னால முடியாது, மறுபடியும் மாடிக்குப் போயிடுவேன்."

அவர் சொன்னதில் பாதி தப்பு. உப்பு இல்லாவிட்டால் அந்த மாத்திரையே விஷம். டீச்சர் அதைத் திருத்தப் போகவில்லை. அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.